ஏற ஒரு வழி... இறங்க ஒரு வழி!

குட்டீஸ்! ஆவடியை அடுத்த வெள்ளானூரில் ஒரு மொட்டை மாடியில் ஏறி நின்று சுற்றிலும் பாருங்கள். வீடுகள் தெரியும். மரங்கள் தெரியும். ஏரி தெரியும். மலை மட்டும் தெரியாது! அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று எந்தப் பக்கம் போனாலும் தரை தோசைக்கல் மாதிரி தட்டையாகத்தான் இருக்கும்.

'மலை ஏறணும்னா ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகணும்... அதுக்கு முழுப் பரீட்சை லீவு வரணும்' என்று பெருமூச்சு விடுகிறீர்களா? அவ்வளவு தூரம் போகவே வேண்டாம். காலையில் கிளம்பினால் இரவுக்குள் வீடு திரும்பி விடக்கூடிய தூரத்திலேயே ஓர் அருமையான மலை இருக்கிறது. ஒரு பக்கமாக ஏறி, உச்சியைத் தொட்டு, இன்னொரு பக்கமாக இறங்கி விடலாம். போன வழியிலேயே திரும்பி வர வேண்டியதில்லை.

அந்த மலை இருக்கும் ஊர், திருக்கழுக்குன்றம்!

எங்கே இருக்கிறது?

செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் இருக்கிறது திருக்கழுக்குன்றம். இரண்டு ஊர்களிலிருந்தும் ஏறக்குறைய 15 கி.மீ. தூரம். ஆவடியில் மின்சார ரயில் ஏறி சென்னை சென்ட்ரலில் இறங்கி, எதிரே உள்ள பூங்கா ரயில் நிலையத்தில் செங்கல்பட்டு ரயிலைப் பிடிக்கலாம். செங்கல்பட்டிலிருந்து பஸ்.

பஸ்ஸில் போகும்போதே அந்த மலை தெரிய ஆரம்பித்து விடும். பாறையும் புதருமாக எழுந்து நிற்கும் குன்று. உச்சியில் ஒரு கோயில். அதுதான் வேதகிரீசுவரர் கோயில். நான்கு வேதங்களே மலையாக நிற்கின்றன என்பது பக்தர்களின் நம்பிக்கை. அதனால்தான் 'வேதகிரி' என்று பெயர்.

மலையின் உயரம் சுமார் 500 அடி. இதை எப்படிக் கற்பனை செய்வது? சென்னை அண்ணா சாலையில் இருக்கும் எல்.ஐ.சி. கட்டடத்தைப் பார்த்திருப்பீர்கள். 14 மாடி. அதைப்போல மூன்று கட்டடங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் எவ்வளவு உயரம் வருமோ, கிட்டத்தட்ட அவ்வளவு! அத்தனையையும் லிஃப்ட் இல்லாமல் கால்களாலேயே ஏறப் போகிறீர்கள்.

எத்தனை படி?

மலைக்கு மேலே போகக் கற்படிகள் இருக்கின்றன. ஐந்நூறுக்கும் மேல். சரியாக எத்தனை என்று கேட்டால் ஆளுக்கு ஒரு கணக்குச் சொல்வார்கள். 562 என்பார் ஒருவர். 565 என்பார் இன்னொருவர். நீங்களும் உங்கள் தம்பியும் தனித்தனியாக எண்ணிக் கொண்டே ஏறுங்கள். உச்சியில் போய்க் கணக்கை ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக வந்தால் ஆச்சரியம்தான்!

ஏற ஆரம்பித்ததும் எல்லாரும் செய்யும் வேலை ஒன்று உண்டு. முதல் ஐம்பது படிகளைத் துள்ளிக் குதித்து ஏறுவது, பிறகு 'உஸ்... உஸ்...' என்று உட்கார்ந்து விடுவது!

ஏன் மூச்சு வாங்குகிறது தெரியுமா? தட்டையான தரையில் நடக்கும்போது உடலை முன்னால் தள்ளினால் போதும். படி ஏறும்போது உங்கள் முழு எடையையும் ஒவ்வோர் அடியிலும் மேலே தூக்க வேண்டும். தொடைத் தசைகளுக்கு அதிக ஆக்சிஜன் தேவைப்படும். அதைக் கொண்டுபோய்க் கொடுக்க இதயம் வேகமாகத் துடிக்கும். நுரையீரல் வேகமாக மூச்சு இழுக்கும். அவ்வளவுதான்.

இதற்கு ஓர் எளிய வழி இருக்கிறது. பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே ஏறுங்கள். முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் உங்கள் வேகம் சரி. ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம் என்று அர்த்தம். குறைத்துக் கொள்ளுங்கள்.

நடுவில் நின்று திரும்பிப் பாருங்கள். கீழே பெரியதாகத் தெரிந்த வீடுகள் எல்லாம் தீப்பெட்டிகளாகி இருக்கும்!

உச்சியில் என்ன தெரியும்?

மேலே போனதும் முதலில் வரவேற்பது காற்று. வியர்த்த முகத்தில் ஜில்லென்று மோதும்.

கீழே பார்த்தால் திருக்கழுக்குன்றம் ஊர் முழுவதும் வரைபடம் மாதிரி விரிந்து கிடக்கும். ஊர் நடுவில் நான்கு கோபுரங்களுடன் தெரிவது பக்தவத்சலேசுவரர் கோயில். மலைமேல் இருப்பதை 'மலைக்கோயில்' என்றும், இதைத் 'தாழக்கோயில்' என்றும் சொல்வார்கள். பெரிய கண்ணாடித் துண்டு மாதிரி மின்னும் குளம் 'சங்கு தீர்த்தம்'. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இந்தக் குளத்தில் சங்கு தோன்றும் என்பது ஊர் மக்களின் நம்பிக்கை.

சுற்றிலும் வயல்கள், ஏரிகள், சின்னச் சின்னக் குன்றுகள். கிழக்குத் திசையில் கடற்கரை. அந்தப் பக்கம்தான் மாமல்லபுரமும் கல்பாக்கமும் இருக்கின்றன.

இப்போது ஒரு கேள்வி. 'கழுக்குன்றம்' என்றால் கழுகுகள் இருக்கும் குன்றம். அப்படியானால் கழுகு எங்கே?

தலையை உயர்த்தி வானத்தைத் தேடுங்கள். கழுகு இருக்காது. இந்த மலையின் உண்மையான கதை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

மதியச் சாப்பாட்டுக்கு வந்த விருந்தாளிகள்

உங்கள் தாத்தா, பாட்டியிடம் 'திருக்கழுக்குன்றம்' என்று சொல்லிப் பாருங்கள். 'ஓ... கழுகுக்குச் சோறு போடுவாங்களே, அந்த ஊர்தானே!' என்பார்கள்.

உண்மைதான். தினமும் நண்பகல் நெருங்கும் நேரத்தில் கோயில் அர்ச்சகர் ஒரு பாத்திரத்தில் உணவு எடுத்துக்கொண்டு பாறைக்கு வருவார். அரிசி, கோதுமை, நெய், சர்க்கரை எல்லாம் சேர்த்துச் செய்த உணவு. சுற்றிலும் மக்கள் கூடி நிற்பார்கள். கொஞ்ச நேரத்தில் வானத்திலிருந்து இரண்டு வெள்ளைப் பறவைகள் வட்டமிட்டு இறங்கும். பயப்படாமல் அர்ச்சகரின் பக்கத்திலேயே வந்து உணவைக் கொத்தித் தின்னும். பிறகு ஜிவ்வென்று பறந்து போய்விடும்.

இந்தப் பறவைகள் காசியிலிருந்து ராமேசுவரத்துக்குப் போகும் வழியில் இங்கே சாப்பிட வருகின்றன என்று சொல்வார்கள். சாபம் பெற்ற முனிவர்களே கழுகுகளாக வருகிறார்கள் என்பது தலபுராணக் கதை. ஏதாவது ஒரு நாள் அவை வரவில்லை என்றால், 'கூட்டத்தில் பாவம் செய்தவர் யாரோ இருக்கிறார்' என்று பேசிக்கொள்வார்களாம்!

ஊரின் பெயர் மிகப் பழையது. 7ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த திருஞானசம்பந்தர் இந்தத் தலத்தைப் பாடும்போதே இந்தப் பெயரைச் சொல்லித்தான் பாடியிருக்கிறார். அப்படியானால் 1,300 ஆண்டுகளுக்கு முன்பே இது 'கழுகுக் குன்றம்'தான்!

தாம்பரம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி, இந்தப் பறவைகளைப் பற்றி 1977இல் பறவை ஆர்வலர்களுக்கான இதழ் ஒன்றில் கட்டுரை எழுதினார். ஒரு கோயில் வழக்கத்தை அறிவியல் கண்ணோடும் பார்க்கலாம் என்பதற்கு அது நல்ல உதாரணம்.

நாமும் அப்படிக் கொஞ்சம் யோசிப்போமா? நூற்றுக்கணக்கான ஆண்டுகளாக வந்தவை அதே இரண்டு பறவைகளா? இருக்க முடியாது. இந்த வகைக் கழுகு முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் உயிர் வாழாது. ஓர் இணை போனால் அந்த இடத்துக்கு இன்னோர் இணை வரும். பாறை இடுக்குகளில் கூடு கட்டும் பறவைக்குக் குன்று வசதியான இடம். அதோடு தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் சாப்பாடு! பறவைகள் நேரத்தை நன்றாகவே கற்றுக்கொள்ளும். உங்கள் வீட்டு மாடியில் தினமும் சோறு வைத்தால் காக்கை நேரம் தவறாமல் வருகிறதே, அப்படித்தான்.

மஞ்சள் முகக்காரர்

அந்தப் பறவையின் பெயர் மஞ்சள் முகப் பாறு. 'பாறு' என்பது பிணந்தின்னிக் கழுகைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். ஆங்கிலத்தில் இதை 'எகிப்தியக் கழுகு' என்று அழைக்கிறார்கள்.

உடல் வெள்ளை. இறக்கைகளின் ஓரம் கறுப்பு. முகத்தில் இறகே இல்லை. மஞ்சள் பூசினது போல இருக்கும். இறக்கைகளை விரித்தால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஐந்தடிக்கும் மேல். ஆனால் எடை இரண்டு கிலோ அளவுதான்.

முகம் ஏன் மஞ்சள்? கேட்டால் மூக்கைப் பொத்திக் கொள்வீர்கள். இது சாணத்தையும் தின்னும்! மாட்டுச் சாணத்தில் இருக்கும் 'கரோட்டினாய்டு' என்ற நிறமிதான் அதன் முகத்துக்கு மஞ்சள் நிறம் தருகிறது. கேரட்டுக்கு நிறம் கொடுப்பதும் இதே குடும்பத்தைச் சேர்ந்த நிறமிதான்.

ஆப்பிரிக்காவில் இந்தக் கழுகு ஒரு வித்தை செய்யும். நெருப்புக்கோழியின் முட்டை ஓடு மிகவும் கெட்டி. கொத்தினால் உடையாது. அதனால் அலகில் ஒரு கல்லை எடுத்து முட்டைமேல் ஓங்கிப் போட்டு உடைக்கும். கருவியைப் பயன்படுத்தத் தெரிந்த பறவை!

இன்னொரு பெருமையும் உண்டு. இந்தியாவில் வாழும் இந்தக் கழுகு இனத்தின் அறிவியல் பெயரில் 'ஜிஞ்சினியானஸ்' என்று ஒரு சொல் வருகிறது. அது எந்த ஊர் தெரியுமா? கோட்டைக்குப் பெயர்போன நம்ம செஞ்சி! பிரெஞ்சு இயற்கையியலாளர் சொன்னரா இதைச் 'செஞ்சிக் கழுகு' என்று எழுதி வைத்தார். அதை வைத்து 1790இல் அறிவியல் பெயர் வந்தது. ஒரு தமிழக ஊரின் பெயரைச் சுமந்து பறக்கிறது இந்தப் பறவை.

ஏன் வரவில்லை?

1990களின் கடைசியில் கழுகுகள் வருவது நின்று போனது. அர்ச்சகர் கொண்டுவந்த உணவு அப்படியே இருந்தது. பல நூறு ஆண்டு வழக்கம் முடிந்தது.

அதே காலத்தில் இந்தியா முழுவதும் பிணந்தின்னிக் கழுகுகள் மறைந்து கொண்டிருந்தன. ஒரு காலத்தில் கூட்டம் கூட்டமாக இருந்த வெண்முதுகுக் கழுகுகளில், நூற்றுக்கு ஒன்றுகூட மிஞ்சவில்லை. என்ன காரணம் என்று யாருக்கும் புரியவில்லை. நோயா? உணவுப் பஞ்சமா?

2004இல் விடை வெளிவந்தது. குற்றவாளி ஒரு வலி மருந்து! அதன் பெயர் 'டைக்ளோஃபினாக்'. மாட்டுக்குக் காய்ச்சலோ, கால் வலியோ வந்தால் இந்த ஊசியைப் போடுவார்கள். மருந்து உடலில் இருக்கும்போதே மாடு இறந்து, அதன் இறைச்சியைக் கழுகு தின்றால் அதன் சிறுநீரகம் கெட்டுப் போகும். சில நாட்களில் கழுகு இறந்து விடும். கழுகுகள் கூட்டமாகச் சாப்பிடுவதால் ஒரே ஒரு மாட்டின் உடல் பல கழுகுகளைக் கொன்று விடும்.

2006இல் மாடுகளுக்கு இந்த மருந்தைப் பயன்படுத்த இந்திய அரசு தடை விதித்தது. மனிதர்களுக்கான பெரிய அளவு ஊசி மருந்தை வாங்கி மாட்டுக்குப் போட்டு விடக்கூடாது என்பதற்காக, 2015இல் அதன் பாட்டில் அளவும் 3 மில்லியாகக் குறைக்கப்பட்டது. கழுகுகளைப் பாதிக்கும் வேறு இரண்டு மருந்துகளான கீட்டோபுரொஃபென், அசிக்ளோஃபினாக் ஆகியவற்றுக்கும் 2023இல் தடை வந்தது.

'பிணம் தின்னும் பறவைதானே, போனால் போகட்டும்' என்று நினைத்து விடாதீர்கள். இறந்த விலங்கின் உடல் கிடந்து அழுகினால் கிருமிகள் பெருகும். கழுகுகள் கொஞ்ச நேரத்திலேயே எலும்பை மட்டும் மிச்சம் வைத்துச் சுத்தம் செய்து விடும். அவற்றின் வயிற்று அமிலம் பல கொடிய கிருமிகளையும் அழித்து விடும். சம்பளம் வாங்காத துப்புரவுப் பணியாளர்கள் அவை.

தமிழகத்தில் பிணந்தின்னிக் கழுகுகள் அடியோடு அழிந்து விடவில்லை. நீலகிரி மாவட்டத்தில் முதுமலையை ஒட்டிய மோயாறு பள்ளத்தாக்கில் இன்றும் அவை கூடு கட்டுகின்றன. அங்கே பிழைத்திருப்பவை பெருகினால்தான் நாளைக்கு மற்ற இடங்களுக்கும் வரும்.

இறங்கும் வழியில் ஓர் அதிசயம்

சரி, இறங்கலாம் வாருங்கள். ஏறிய படிகளில் இல்லை. இறங்குவதற்கென்றே இருக்கும் மறுபக்கப் பாதையில்.

இந்த வழியில்தான் 'ஒருகல் மண்டபம்' இருக்கிறது. பல்லவர் காலக் குடைவரைக் கோயில். 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கல்லைக் கொண்டுவந்து அடுக்கிக் கட்டியது இல்லை. மலைப் பாறையையே உள்பக்கமாகக் குடைந்து, தூண்களையும் வாயிற்காவலர் சிற்பங்களையும் விட்டு வைத்துச் செதுக்கியது. ஒரே கல்! ஓர் உளி தவறினாலும் ஒட்டுப் போட முடியாது.

மண்டபத்தை நன்றாகப் பாருங்கள். ஐரோப்பிய எழுத்துகளில் பெயர்கள் வெட்டியிருக்கும். பக்கத்துக் கடற்கரை ஊரான சதுரங்கப்பட்டினத்தில் துணி வணிகம் செய்த டச்சுக்காரர்கள், 17ஆம் நூற்றாண்டில் இங்கே வந்து தங்கள் பெயர்களைக் கல்லில் செதுக்கி விட்டுப் போனார்கள்.

'அவங்க எழுதினாங்களே, நாங்களும் எழுதலாமா?' என்று கேட்காதீர்கள்! இந்த மண்டபம் இன்று மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி இதைச் சேதப்படுத்துவது குற்றம். அதைவிட முக்கியம், 1,300 ஆண்டுகள் தாங்கிய கல்லில் நம் பெயரைக் கீறினால் அதற்குப் பிறகு அழிக்கவே முடியாது.

இறங்கும்போது இன்னொரு விஷயம். 'இறங்குவது சுலபம்' என்று ஓடாதீர்கள். உடலின் எடையைப் பிடித்து நிறுத்தி நிறுத்தி இறக்குவது தொடைத் தசைகள்தான். மறுநாள் கால் வலிப்பது பெரும்பாலும் இறங்கியதால்தான்! முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, முழுப் பாதமும் படியில் பதியும்படி, நிதானமாக இறங்குங்கள்.

கிளம்பும் முன் கவனிக்க...

* பெரியவர்கள் இல்லாமல் போகக் கூடாது.

* வெயில் ஏறும் முன், காலையிலேயே ஏறி விடுங்கள். மதியத்தில் கற்படி கால் சுடும். கோயில் நடை திறக்கும் நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக் கொள்ளுங்கள்.

* தண்ணீர், தொப்பி அவசியம். காலி பாட்டிலைத் திரும்ப வீட்டுக்கே எடுத்து வாருங்கள்.

* குரங்குகள் உண்டு. தின்பண்டத்தைக் கையில் ஆட்டிக்கொண்டு நடந்தால் அது உங்களுடையதாக இருக்காது!

* படிகளை விட்டுப் பாறைகளில் ஏறி விளையாட வேண்டாம்.

* ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துப் போங்கள்.

நோட்டு எதற்கு?

மலை உச்சியில் பெரிய பறவை ஒன்று வட்டமிட்டால் அதன் வாலைப் பாருங்கள். வால் நடுவில் வெட்டிய மாதிரி பிளவாக, உடல் பழுப்பு நிறமாக இருந்தால் அது கரும்பருந்து. உடல் செங்கல் நிறம், தலை வெள்ளை என்றால் செம்பருந்து. இவற்றைத்தான் நாம் 'கழுகு' என்று சொல்லி விடுகிறோம். வெள்ளை உடல், கறுப்பு ஓர இறக்கை, ஆப்பு மாதிரி கூம்பிய வால் என்றால்... அதுதான் மஞ்சள் முகப் பாறு! பார்த்தால் தேதி, நேரம், இடம் மூன்றையும் உடனே எழுதிக் கொள்ளுங்கள்.

மலைக்குப் போக நாளாகுமா? கவலை வேண்டாம். வெள்ளானூர் மொட்டை மாடியிலிருந்தே ஆரம்பிக்கலாம். வானத்தில் வட்டமிடும் பருந்துகளை வால் பார்த்து அடையாளம் கண்டு பழகுங்கள்.

அடுத்த வேலை இதைவிடப் பெரியது. உங்கள் தெருவில் மாடு வளர்ப்பவர்கள் இருக்கிறார்களா? மாட்டுக்கு வலி மருந்து தேவைப்பட்டால் 'மெலாக்சிகாம்' போடச் சொல்லிக் கால்நடை மருத்துவரிடம் கேட்கலாம் என்று அவர்களிடம் சொல்லுங்கள். அது கழுகுகளுக்குத் தீங்கு செய்யாத மருந்து. மனிதர்களுக்கான ஊசியை மாட்டுக்குப் போடக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கழுகு வராவிட்டாலும் 'கழுகுக் குன்றம்' என்ற பெயரை யாரும் மாற்றவில்லை, குட்டீஸ். அந்தப் பெயருக்கு உரியவர் திரும்பி வர வேண்டாமா?